கதவு ஏன் தாமதமானது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்டில் கதவுக்கு ஆர்டர் கொடுத்தவர்களிடம் வழக்கமான மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு, பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்டோம். சிலர் முகம் சுளித்தீர்கள். "கடை நடக்குதா, இல்லையா?" என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். கேட்டது நல்லதுதான், பதில் சொல்கிறேன்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலையில் நாங்கள் சப் காண்ட்ராக்டர். பழைய சுவரை உடைத்துப் பார்த்தால், நிலை வைக்கும் இடம் வரைபடத்தில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் குறுகல். செய்து வைத்திருந்த இரும்புக் கதவுகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, வேறு அளவில் செய்து மாட்டினோம். குழாய்க்காரர், மின்சாரக்காரர் எல்லாருக்கும் இதே கதைதான். இந்தக் கூடுதல் வேலைக்கு 'சேஞ்ச் ஆர்டர்' போடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் ஒப்பந்தச் செலவு 12 மாதத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் நகர கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம். தாண்டியதை யாரும் நேரத்தில் கவனிக்கவில்லை. கதவு மாட்டி, சாவிக்கொத்தையும் கொடுத்தாயிற்று. பில் மட்டும் அங்கேயே கிடந்தது. அதற்குள் கவுன்சிலுக்குக் கோடை விடுமுறை: ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை. அந்தப் பணம் வராததால்தான் உங்களிடம் பாதித் தொகை கேட்டோம், உங்கள் கதவும் தாமதமானது.

அந்த ஒப்புதலை வழக்கமான சட்டமாகப் போட்டால் இரண்டு முறை வாக்கெடுப்பு, மேயர் கையெழுத்து, அப்புறம் அமெரிக்க காங்கிரஸின் பார்வைக்கு 30 நாள். சனி, ஞாயிறும் காங்கிரஸ் கூடாத நாள்களும் அந்தக் கணக்கில் வராது என்பதால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் அவசரச் சட்டம் போடுகிறார்கள். ஒரே வாக்கெடுப்பு, கவுன்சிலின் 13 பேரில் 9 பேர் சம்மதிக்க வேண்டும், காங்கிரஸுக்குப் போக வேண்டியதில்லை. 90 நாள்தான் செல்லும். பணம் கொடுக்க அது போதுமே. பெயரைக் கேட்டால் எங்கோ தீப்பிடித்த மாதிரி இருக்கிறது, உள்ளே பார்த்தால் எப்போதோ மாட்டிய கதவுக்குக் கூலி!

விதியை நான் குறை சொல்லவில்லை. வரிப்பணம், கேள்வி கேட்க ஆள் வேண்டும். காகிதத்தை ஜூலைக்கு முன்பே அனுப்பியிருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, உங்கள் விஷயம். அவசரச் சட்டம் நிறைவேறிவிட்டது. நகரம் பணம் கொடுத்ததிலிருந்து 7 நாளுக்குள் பெரிய காண்ட்ராக்டர் எங்களுக்குத் தர வேண்டும். போன வாரம் வந்து சேர்ந்தது. அன்றைக்கே மரப்பலகைக்குப் பணம் கட்டிவிட்டோம். இனி பழையபடி மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ்தான். கூடுதலாகக் கொடுத்தவர்கள் ரசீதோடு வந்தால் செக் எழுதித் தருகிறோம். இல்லாவிட்டால் கடைசி பில்லில் கழித்துக்கொள்கிறோம். தீபாவளிக்குள் வாசல் கதவு கேட்ட மூன்று வீட்டுக்காரர்களுடைய வேலையை முதலில் எடுக்கிறோம். நீங்கள் மூவரும் கைப்பிடி பித்தளையா கறுப்பா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்