நீ கேட்ட ஒயரைச் செய்து தர மாட்டேன்

பேராவூரணி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள். போனில் எதையும் முழுதாகப் பேச முடிவதில்லை, பாதியில் பேரன் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் கடுதாசி.

நேற்று ராத்திரி போனை வைக்கும் நேரத்தில் ஒன்று கேட்டாய். புதிதாக வாங்கியிருக்கும், சார்ஜ் ஏற்றித் தூக்கிக்கொண்டு போகிற பேட்டரியான பவர் ஸ்டேஷன் பெட்டியிலிருந்து ஹாலில் இருக்கிற பிளக் பாயின்டுக்குக் கொடுத்தால் வீடு முழுக்க லைட்டும் ஃபேனும் ஓடுமாமே, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்று செய்து தருவீர்களா அப்பா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பேரன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செய்து தர மாட்டேன். வேறு யாரிடமும் கேட்டும் வாங்காதே. முப்பது வருஷம் லைன்மேனாகக் கம்பத்தில் ஏறியவனின் மகள் இப்படிக் கேட்டாள் என்று வெளியே சொல்லிவிடாதே. இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தந்திருக்க வேண்டியது. சொல்லாமல் விட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்தது. நீ அப்போது பத்தாவது. வெளி மாவட்டத்து ஆட்களையெல்லாம் திரட்டி அனுப்பினார்கள். எங்கள் கேங் பண்ருட்டிப் பக்கம் போனது. பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன, ரோடு எது தோப்பு எது என்று தெரியவில்லை. நாலாம் நாள் ஒரு தெருவில் அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் பையிலேயே போட்டுக்கொண்டுதான் ஏறினேன். இனி எங்கிருந்து கரண்டு வரப்போகிறது என்ற தைரியத்தில் கம்பியைப் பூமியோடு இணைத்து எர்த் பண்ணவில்லை. அது என் தப்பு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சின்ன ஜெனரேட்டர் வைத்து, நீ கேட்ட அதே மாதிரி ஒயரால் சுவர் பிளக்கில் கொடுத்திருந்தார்கள். மெயினை அணைக்கவில்லை. வீட்டுக்குள் கொடுத்த கரண்டு மீட்டர் வழியாக வெளியே வந்து கம்பியில் உட்கார்ந்திருந்தது. கையை வைத்தேன்.

இடுப்பு பெல்ட் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை. என் இடது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது, நீ பார்த்திருக்கிறாய். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பி, பரீட்சைக்குப் படித்துக்கொண்டே விளக்கெண்ணெய் தடவி விடுவாய். பொதுத்தேர்வு வருஷம் என்று அப்போது சொல்லவில்லை. அப்புறம் சொல்ல நேரம் வரவில்லை.

உன் பெட்டி சின்னதுதானே, தெரு முழுக்க இழுத்தால் லோடு தாங்காமல் தானே அணைந்துவிடாதா என்று நீ கேட்பாய். அணையும்தான், கம்பி ஒழுங்காக இருக்கிற நாளில். புயல் நாளில் கம்பி ஒழுங்காக இருக்காது. வீட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவில் அறுந்து தொங்கும் அந்த நாலு அடித் துண்டை உயிரோடு வைக்க உன் பெட்டி தாராளமாகப் போதும். டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போய்விட்டால் இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கு இறக்கித் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், இந்தப் பக்கமிருந்து கொடுத்தால் அந்தப் பக்கம் ஏற்றிக் கொடுக்கும். அது போக, ஒயரின் ஒரு முனை பெட்டியில் இருக்கும்போது இன்னொரு முனையின் பித்தளைப் பின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உன் வீட்டில் மூன்று வயசுப் பையன் இருக்கிறான். மெயின் லைனில் கரண்டு திரும்பி வந்தால் பெட்டியும் புகைந்துவிடும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதி முடித்ததும்தான் மனசு கொஞ்சம் இறங்கியது. இனி பெட்டியைப் பற்றிப் பேசலாம்.

விலையைக் கேட்டதிலிருந்து அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். அவள் சொல்வதிலும் ஞாயம் உண்டு. அதில் பாதிப் பணத்துக்கும் குறைவாக ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் வாங்கி மாட்டியிருக்கலாம். ஒரே வீட்டில் நிலையாக இருப்பவர்களுக்கு அதுதான் கணக்கு. ஆனால் அந்த பேட்டரியை ஒருத்தர் தூக்க முடியாது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் அபார்ட்மென்டில் தரைத்தளத்துக்காரர்களின் இன்வெர்ட்டரெல்லாம் தண்ணீருக்குள் கிடந்ததை நீயே படம் எடுத்து அனுப்பினாய். பன்னிரண்டு கிலோப் பெட்டியை மாடிக்கும் தூக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம், மலைக்கும் கொண்டுபோகலாம். வாடகை வீட்டில் இருக்கிறவளுக்கு இது சரிதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன், பதில் இல்லை.

அந்த வெள்ளத்தில் மூன்று நாள் கரண்டு இல்லை என்று எல்லாரும் திட்டினீர்கள். தெருவில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸ் முங்கி, மீட்டர் போர்டு வரை தண்ணீர் நிற்கும்போது கரண்டை விட்டால் இருட்டில் நடந்து வருகிறவன் செத்துப்போவான். நிறுத்தி வைத்தவன் நல்லது செய்தான். இது என் பழைய வேலையின் ரோஷம், பொறுத்துக்கொள்.

உன் பெட்டியில் 1024 வாட் அவர் என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வருவதுதான் வாட் அவர். கையில் கிடைப்பது 850தான் என்று வைத்துக்கொள். பேட்டரியின் டி.சி.யை வீட்டுக் கரண்டான ஏ.சி.யாக மாற்றுவதில் மிச்சம் சூடாகப் போய்விடும். படுக்கை அறையில் பழைய ஃபேன் என்றால் 75 வாட், எட்டு மணி நேரத்துக்கு 600. ஒரு ஃபேனிலேயே பெட்டியில் பெரும்பகுதி காலி. முதலில் அதைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டு. அது 30 வாட், அதே எட்டு மணிக்கு 240தான். ஆனால் சீலிங் ஃபேனுக்கு பிளக் கிடையாது, அதற்கு நான் வந்துதான் வழி பண்ண வேண்டும். அதுவரை டேபிள் ஃபேன். ஒரு 9 வாட் பல்பு ஐந்து மணி நேரம், நாலு போன், வைஃபை பெட்டி ராத்திரி முழுக்க, இவை மூன்றும் சேர்ந்தால் இருநூற்றுச் சொச்சம்.

அடுத்தது பிரிட்ஜ். அதை நாள் முழுக்கச் செருகி வைக்காதே. நாலு மணிக்கு ஒரு தரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும், திறக்காமல் வைத்திருந்தால் நடுவில் குளிர் நிற்கும். கம்ப்ரஸர் ஓடும்போது நூறு வாட் பக்கம் இழுக்கும், ராத்திரிக்கு மூன்று தரம் என்றால் 300. உன் மாமியாரின் பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பால் கெட்டால் கெடட்டும், அதற்குத்தான் இந்த 300. பி.எல்.டி.சி. ஃபேன் கணக்கோடு மொத்தம் கூட்டிப் பார், 850க்குள் கொஞ்சம் மிச்சம் நிற்கும். பேரனுக்கு இருமல் வந்தால் நெபுலைசர் பத்து நிமிஷத்துக்கு இருபது வாட் அவர்தான் எடுக்கும், தாராளமாகப் போடு.

கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு ஓடுவதைப்போலப் பல மடங்கு இழுக்கும். பெட்டி அதைத் தாங்குகிறதா என்று கரண்டு இருக்கிற நாளிலேயே செருகிப் பார்த்துவிடு, புயலன்று பரீட்சை வேண்டாம். அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் மோட்டார் மூன்றையும் மறந்துவிடு. மிக்சியில் சட்னி அரைக்கலாம். இன்னொன்று, பெட்டியின் ஏ.சி. கரண்டு பட்டனைப் போட்டுவிட்டு எதுவும் செருகாமல் தூங்கினாலும் பெட்டி தன் பாட்டுக்குக் கொஞ்சம் தின்னும். மணிக்கு பத்து பதினைந்து வாட் அவர் என்றாலும் விடிவதற்குள் நூறுக்கு மேல் போய்விடும். போன் மட்டும் என்றால் யு.எஸ்.பி. ஓட்டையிலேயே போடு.

நல்ல பெட்டி என்றால் பியூர் சைன் வேவ், அதாவது லைன் கரண்டு மாதிரியே சீரான அலை கொடுக்கும், நம் பழைய இன்வெர்ட்டரில் ஃபேன் கொர்ரென்று முனகுமே, அது இருக்காது. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியலாம். பயப்படாதே, பல பெட்டிகளில் நியூட்ரலை எர்த்தோடு கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டு போர்டில் இருக்கிற, கரண்டு கசிந்தால் அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. இதிலிருந்து நேராக ஓட்டுவதற்குக் காவல் இல்லை என்பதும் அதோடு சேர்ந்ததுதான். ஈரக் கையோடு தொடாதே.

கொல்லிமலைக்குக் கூடாரம் போடப் போகிறோம் என்றாயே, அதற்கும் இரண்டு வார்த்தை. எழுபது கொண்டை ஊசி வளைவு, பேரன் வாந்தி எடுப்பான், அதற்கு நான் மருந்து சொல்ல முடியாது. பெட்டியைப் பொறுத்தவரை, வழியில் நாமக்கல் வெயிலில் காரை மூடிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், டிக்கிக்குள் பெட்டி வேகும். லித்தியத்துக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது ஆகாது. மடக்கும் சோலார் பேனல் 100 வாட் என்று விற்றார்கள் அல்லவா, நல்ல வெயிலில் அறுபது எழுபது வந்தால் சந்தோஷப்படு. மேகம் மூடிய மலையில் அதுவும் வராது. ஒரு முழு நாள் வெயிலில் காய்ந்தாலும் பெட்டி பாதி நிறைந்தாலே பெரிது. வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு போ, பேனல் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள. கார் சாக்கெட்டிலும் ஏறும், ஓடுகிற காரில் பத்து மணி நேரம் பக்கம் ஆகும்.

மாப்பிள்ளை கெட்டிலைக் கொண்டுபோக வேண்டும் என்று நிற்பதாகச் சொன்னாய். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க நூறு வாட் அவருக்கு மேல் ஆகும். நாலு தரம் டீ போட்டால் பாதிப் பெட்டி டீயாகிவிடும். ஒரு சின்ன காஸ் அடுப்பு கொண்டுபோகச் சொல். ராத்திரிக்கு மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு பல்பு, குளிர் பிரதேசத்தில் ஃபேனும் வேண்டாம், இரண்டு ராத்திரிக்கு நூறு நூற்றைம்பதுக்கு மேல் செலவே ஆகாது. பெட்டியை மண்ணில் வைக்காதே, பலகைமேல் வை. மழைத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றுத் துளை வழியாக எறும்பும் பல்லியும் உள்ளே போகும். என் சர்வீசில் ஒரு பல்லியால் ஒரு தெருவே இருட்டானது எத்தனை தரம் என்று எண்ணவில்லை. சத்தம் போடுகிறது என்று மேலே போர்வையைப் போட்டு மூடவும் கூடாது. லடாக் போனால் கொண்டுபோகலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். விமானத்தில் 160 வாட் அவருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், உன் பெட்டி அதைப்போல ஆறு மடங்கு.

சும்மா கிடக்கும்போது முழுதாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதிக்குச் சற்று மேல், ஐம்பது அறுபது சதவீதத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார். புயல் செய்தி வந்ததும் நூறாக்கு. கட்டிலுக்கு அடியிலும் வாசல் வழியிலும் வைக்காதே. உன்னுடையது லித்தியம் அயன் பாஸ்பேட் வகை, சாதுதான், ஆனாலும் உப்பினாலோ ஒரு மாதிரி இனிப்பு வாசனை வந்தாலோ உடனே அணைத்து பால்கனிக்குக் கொண்டுபோய்விடு.

அம்மா இப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். கஜா நினைவு வந்துவிட்டதாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை நம் தோப்பில் ஒரு தென்னையும் நிற்கவில்லை. லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்த புயல் அது. கேரளத்திலிருந்துகூட லைன்மேன்கள் வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்தோம். உனக்குச் சென்னையிலிருந்து ஐந்து நாள் போன் கிடைக்கவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் போனுக்குக் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றி, அம்மாதான் உன்னிடம் முதலில் பேசினாள். நம் வீட்டுக்குக் கரண்டு வந்தது இருபத்துமூன்றாம் நாள். லைன்மேன் வீட்டுக்கு முதலில் கொடுத்துக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று நம் தெருவைக் கடைசியில் வைத்தேன். அத்தனை நாளும் அம்மா சிமினி விளக்கோடு தனியாக இருந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று சொன்னாள், "அந்தப் பெட்டி எவ்வளவு வெயிட்டு, நான் தூக்குவேனா?" என்று. விலைக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். நமக்கும் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் சின்னதாக.

ஐப்பசி மழைக்கு முன்னால் வருகிறோம். ஒன்றரை ஸ்கொயர் மூன்று கோர் ஒயரில் ஐந்து மீட்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நானே செய்து எடுத்து வருகிறேன், ஒரு முனையில்தான் பிளக் இருக்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால் பிரிட்ஜுக்கும் படுக்கை அறைக்கும் மட்டும் தனி லைன் பிரித்து, மெயின் லைன், பெட்டி இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் மாட்டித் தருகிறேன். அது இருக்கும்வரை இரண்டு கரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. வந்த அன்று சாயங்காலமே மெயினை அணைத்து, ராத்திரி முழுக்கப் பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிடுவோம். பேரனிடம் முன்கூட்டிச் சொல்லாதே, டிவி போய்விடும் என்று இப்போதே அழுவான்.

அன்புடன்,
அப்பா