'இஸ்கூல்' என்று சொல்லும் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னால் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். அது நாக்குக் கோளாறு அல்ல. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அந்தப் பழக்கத்தில் பிள்ளை ஓர் இகரத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறது.

ஐரோப்பியர் பலரும் இதையேதான் செய்தார்கள். லத்தீன் 'ஸ்கோலா' ஸ்பானிஷில் 'எஸ்குவேலா', ஹங்கேரியனில் 'இஷ்கோலா' ஆனது. பிரெஞ்சில் முதலில் 'எஸ்கோல்'. பிறகு ஸகரம் தேய்ந்து 'எகோல்'. பின்லாந்துக்காரர்கள் ஸகரத்தையே விட்டுவிட்டு 'கோவுலு' என்கிறார்கள். முன்னால் உயிரெழுத்துச் சேராமலே ஜெர்மனில் 'ஷூலெ', ரஷ்யனில் 'ஷ்கோலா'. ஆங்கிலம் கற்கும் ஸ்பானியர் பலர் இன்றைக்கும் 'எஸ்கூல்' என்றுதான் தொடங்குவார்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் கிரேக்க 'ஸ்கொலே'. அதன் முதற்பொருள் ஓய்வு. ஓய்வில் கூடிப் பேசிக் கற்பதும், பிறகு கற்கும் இடமும் அதே பெயரைப் பெற்றன. இன்றைய கிரேக்கத்தில் 'ஸ்கோலி' என்றால் விடுமுறை நாள். அழுத்தத்தைக் கடைசி அசைக்கு மாற்றினால் உயர்கல்விக்கூடம்! நம் 'பள்ளி'யும் படுக்கை, துறவியர் உறைவிடம் என்ற பொருள்களோடு வாழ்ந்த சொல்தான்.

உச்சரிப்பைத் திருத்த இப்படிச் செய்யுங்கள். பிள்ளையின் விரல்களை அதன் தொண்டையில் வைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை மட்டும் விடச் சொல்லுங்கள். தொண்டை அதிரக் கூடாது. முதலிலேயே அதிர்ந்தால் இகரம் நுழைந்துவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும். காற்று நிற்பதற்குள் 'கூல்' வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் 'ஸுகூல்' ஆகிவிடும். அப்போது ஸகரத்தைக் குறுக்குங்கள். தினம் 5 நிமிடம் போதும். 'ஸ்பூன்', 'ஸ்டேஷன்' ஆகியவற்றுக்கும் இதே முறைதான். வேகமாகச் சொல்லிக்காட்டி 'திருப்பிச் சொல்' என்று அதட்டினால் பழைய இகரம்தான் திரும்பி வரும்.

ஆறாம் வகுப்பினர் இச்சொல்லுக்கு வேர்ப்படம் வரைகிறார்கள். வீட்டில் உதவுவோர் ஒன்றைக் கவனியுங்கள்: ஆங்கிலத்தில் மீன்கூட்டத்தைக் குறிக்கும் 'ஸ்கூல்' டச்சு மொழியிலிருந்து வந்த வேறு சொல். வேல்ஸ் மொழியில் பள்ளிக்கும் ஏணிக்கும் 'அஸ்கோல்' என்றே பெயர். ஆனால் ஏணி லத்தீன் 'ஸ்காலா'வின் வழி வந்தது. மீன்கூட்டத்தின் 'ஸ்கூல்', ஏணியின் 'அஸ்கோல்' ஆகிய இவ்விரண்டையும் கிரேக்க வேரோடு கோடு போட்டு இணைக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்