அத்தையின் பொருள்களுக்கு விலை கேட்கும் முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அந்த ஓவியம், வெண்கலச் சிலை, பீங்கான் ஜாடி, பழைய கடிகாரம் எல்லாவற்றையும் அத்தை உன் பேருக்கு எழுதிவைத்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அவற்றை நின்று நிதானமாகப் பார்த்தவள் நீ ஒருத்திதான். "அப்பா, எல்லாம் சேர்ந்து எவ்வளவு தேறும்?" என்று கேட்டிருக்கிறாய். வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, மொத்தமாக ஒரு தொகை சொல்லி, இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றாராமே. அவருக்கு இப்போது பதில் சொல்லாதே. இன்னும் முடிவு செய்யவில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பு. மொத்தமாக விலை பேசுபவரின் கண் பெரும்பாலும் அதில் ஏதோ ஒரு பொருள்மேல்தான் இருக்கும். எது என்று அவர் சொல்ல மாட்டார். வாங்க வந்தவர் சொல்வது அவர் கொடுக்க விரும்பும் தொகை. அதை மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளாதே.

இன்ஷூரன்ஸ் வேலையில் கலைப்பொருள் இழப்பீட்டு மனுக்களைப் பார்த்தே என் காலம் போனது உனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எதற்காக என்பதை நீ முடிவு செய்தாக வேண்டும். நேர்மையான ஒரே ஆள், ஒரே பொருளுக்கு, ஒரே நாளில் மூன்று தொகை எழுதலாம். மூன்றும் சரியாகவே இருக்கும். இன்ஷூரன்ஸுக்கு என்றால், அது எரிந்தாலோ தொலைந்தாலோ அதற்கு ஈடான இன்னொன்றைக் கடையில் வாங்க என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. பொதுவாக அதுதான் பெரிய தொகை. பாகப்பிரிவினைக்கும் வரிக்கும் என்றால், எந்தக் கட்டாயமும் இல்லாமல், விவரம் தெரிந்த இருவர் கைமாற்றிக்கொள்ளும் விலை. அது ஏல விலையை ஒட்டி வரும். உடனே பணம் வேண்டும் என்றால் அதற்கும் கீழே. இன்ஷூரன்ஸுக்கு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு விற்கப் போய், மனம் உடைந்து திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்தத் தாள் வேறு வேலைக்கு எழுதப்பட்டது.

நோக்கம் மாறினால் தொகை எந்த அளவுக்கு மாறும் என்பதற்கு அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரௌஷன்பெர்க் 1959இல் செய்த 'கேன்யன்' என்ற படைப்பைச் சொல்வேன். அதில் பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கழுகை விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அதை வைத்திருந்த கலை வணிகர் இலியானா சோனபெண்ட் 2007இல் காலமானார். விற்கவே வழியில்லாத பொருள் என்பதால் வாரிசுகளின் மதிப்பீட்டாளர்கள் அதற்குப் பூஜ்யம் போட்டார்கள். வரித்துறையோ 6.5 கோடி டாலர் என்று மதிப்பிட்டு, 2.9 கோடி டாலருக்கு மேல் வரி கேட்டது. 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அதை நன்கொடையாகக் கொடுத்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது, யாரிடம் கேட்பது. இதில் நான் பிடிவாதக்காரன். பொருளை வாங்கவோ விற்றுக்கொடுக்கவோ ஆசைப்படாத ஒருவரிடம், கட்டணம் கொடுத்துக் கேள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவர் வேண்டவே வேண்டாம். தொகை ஏற ஏறத் தன் வருமானமும் ஏறும் என்றால் நல்ல மனிதருக்கும் கை சற்று நீளும். அமெரிக்க மதிப்பீட்டாளர்கள் பின்பற்றும் யுஎஸ்பாப் விதிகள் இப்படிக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கின்றன. மணிக்கு இவ்வளவு, அல்லது வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள். பிரிட்டனின் ஆர்ஐசிஎஸ், அமெரிக்காவின் அப்ரைசர்ஸ் அசோசியேஷன் போன்ற தொழில் அமைப்புகளில் உறுப்பினர்களைத் தேடிப் பார்க்க வசதி உண்டு. ஆனால் உறுப்பினர் அட்டை மட்டும் போதாது, அவருடைய துறை எது என்று பார். ஓவியம் தெரிந்தவருக்குக் கடிகாரத்தின் உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பதில்லை. "எல்லாம் நானே பார்த்துவிடுகிறேன்" என்பவரைவிட, "ஜாடி என் துறை இல்லை, வேறு ஆளைக் கேளுங்கள்" என்பவரை நான் நம்புவேன்.

ஏல நிறுவனங்களையும் கேட்கலாம். சோதபீஸ், கிறிஸ்டீஸ் போன்ற பெரிய இடங்களே படம் அனுப்பினால், ஏலத்துக்கு ஏற்ற பொருளாக இருக்கும்பட்சத்தில், இலவசமாக ஒரு மதிப்பு சொல்லும். இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார். அவர்களுக்கு விற்பதற்குச் சரக்கு வேண்டும் என்பதை மட்டும் மறக்காதே. உன்னை இழுக்கக் கூட்டிச் சொல்வதும் உண்டு, ஏலம் கேட்பவர்களை இழுக்கக் குறைத்துப் போடுவதும் உண்டு. எனவே இன்னொரு கேள்வி கேள்: இதற்குக் கீழே விற்க மாட்டோம் என்ற குறைந்தபட்ச விலையாக எவ்வளவு எழுதித் தருவீர்கள்? வாய்வார்த்தையாகச் சொன்ன மதிப்புக்கும் இந்தத் தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், அவர்கள் உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அவசரப்பட்டு மிகையான விலைக்கு ஏலத்தில் வைத்து, யாரும் கேட்காமல் பொருள் திரும்பி வந்தால், அந்தச் செய்தி பதிவுகளில் தங்கிவிடும். அடுத்த முறை அதைத் தொடவே தயங்குவார்கள்.

நீயே இணையத்தில் தேடிப் பார்த்ததாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் நீ அனுப்பிய மூன்று விலைகளும் கடைக்காரர்கள் கேட்கும் விலை. அதே ஜாடி வருஷக்கணக்கில் அந்த விலையோடு விற்காமல் கிடக்கலாம். விற்று முடிந்த விலையை மட்டும் பார். ஆர்ட்நெட் போன்ற ஏல விலைப் பதிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன. அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய ஏல நிறுவனங்கள் முன்கூட்டி அச்சிடும் மதிப்பில், வாங்குபவர் அந்த நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டும் கமிஷன் சேர்ந்திருக்காது. பிறகு வெளியிடும் விற்பனை விலையில் சேர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "மதிப்பைவிட நன்றாகப் போயிருக்கிறதே" என்று நினைப்பது தப்புக்கணக்கு. விற்பவர் கைக்கு வருவதோ ஏலத்தை முடித்துச் சுத்தியல் தட்டிய விலையில் விற்பவர் தரும் கமிஷன், போக்குவரத்து, இன்ஷூரன்ஸ் எல்லாம் கழித்த மிச்சம்தான். தட்டிய விலையே வராமல் போவதும் உண்டு. 2010இல் லண்டனின் புறநகர் ஒன்றில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த சீன ஜாடி ஏலத்தில் 4.3 கோடி பவுண்டுக்குப் போனது. உலகமே பேசியது. வாங்கியவர் அந்தப் பணத்தைக் கட்டவே இல்லை.

இப்போது உன் பொருள்களுக்கு வருகிறேன். ஓவியத்தின் முன்பக்கத்தையே திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கிறாய். எனக்குப் பின்பக்கம் வேண்டும். சுவரிலிருந்து இறக்கி, மெத்தை மேல் துணி விரித்துக் குப்புறப் போடு. கித்தானை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் நிறம், அதில் இருப்பது ஆணியா ஸ்டேப்பிள் பின்னா, கித்தானைப் பிற்காலத்தில் இன்னொரு துணிமேல் ஒட்டியிருக்கிறார்களா, எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடு. பாதி கிழிந்த லேபிள், சாக்குக்கட்டி எண், சட்டத்தில் அச்சுவைத்த கறுப்பு எண் எது இருந்தாலும் துடைக்காதே. கிறிஸ்டீஸ் தன்னிடம் வந்த ஓவியங்களின் பின்னால் இப்படித்தான் எண் பதித்துவந்தது. அந்த எண்ணை வைத்துப் பழைய ஏலப் பதிவைத் தேட முடியும். முன்பக்கத்துக் கையெழுத்தைவிட எனக்கு இந்தத் தடயங்கள் முக்கியம்.

அதற்காக லேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதே. ஜெர்மனியில் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்ற போலி ஓவியர் பழைய கித்தான், பழைய சட்டம் எல்லாம் தேடிப்பிடித்து வரைந்ததோடு, பின்னால் ஒட்ட லேபிளும் தயாரித்துவைத்திருந்தார். 1914இல் காம்பெண்டோங்க் என்ற ஓவியர் வரைந்தது என்று சொல்லி விற்ற ஓவியம் ஒன்று 2006இல் 28.8 லட்சம் யூரோவுக்குப் போனது. பிறகு சாயத்தைப் பரிசோதித்தபோது டைட்டானியம் வெள்ளை தென்பட்டது. 1914இல் அந்தச் சாயம் ஓவியர்களுக்குக் கிடைக்கவில்லை. 2011இல் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். உண்மையா போலியா என்று சொல்வது ஒரு வேலை, உண்மை என்று வைத்துக்கொண்டு விலை சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒருவரே செய்வார் என்று எதிர்பார்க்காதே. ஓவியரின் எல்லாப் படைப்புகளையும் தொகுத்த அட்டவணை நூல் இருக்கிறதா, அதில் இது உண்டா என்று முதலில் பார்க்கச் சொல். ஓவியர் பேர் மாறினால் விலை எங்கே போகும் என்பதற்கு 'சால்வதோர் முண்டி' என்ற ஓவியம் ஒன்று போதும். 1958 ஏலத்தில் 45 பவுண்டுக்குப் போனது, லியனார்டோ டா வின்சியின் கைவேலை என்ற பேரோடு 2017இல் 45 கோடி டாலருக்கு விற்றது. அவர் கைதானா என்ற விவாதம் அதன் பிறகும் ஓயவில்லை.

சிலையைத் துலக்கிவிடாதே, கண்ணம்மா. இதை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெண்கலத்தின் மேல் காலம் ஏற்றிய நிறம் அதன் வயதுக்குச் சாட்சி. ஒரு மதியப் பொழுதில் அதைத் தேய்த்து எடுத்துவிடலாம், திரும்பக் கொண்டுவர முடியாது. சிலை எந்த நாட்டிலிருந்து, எந்த வருஷம், யார் வழியாக வந்தது என்பதற்குக் காகிதம் தேடு. கலாச்சாரச் சொத்துக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அதற்கு முன்பே சொந்த நாட்டை விட்டு வெளியே வந்தது என்று காட்ட முடியாத பழம்பொருளை அருங்காட்சியகங்களும் பெரிய ஏல நிறுவனங்களும் தொடத் தயங்கும். இன்டர்போலின் ஐடி-ஆர்ட் செயலியில் படத்தைப் போட்டுப் பார், திருட்டுப் பட்டியலில் இருந்தால் காட்டும். அத்தையின் நேர்மைமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு விற்றவர் யார் என்று நமக்குத் தெரியாதே.

கடிகாரத்தின் பெட்டி ஒரு காலத்தது, உள்ளே இருக்கும் இயந்திரம் வேறொரு காலத்தது என்பது சகஜம். இயந்திரம் உட்காரும் பலகையில் பயன்படாத திருகு ஓட்டைகள் இருந்தால் அப்படி நடந்திருக்க வாய்ப்புண்டு. அதன் கைப்பிடி தந்தம் மாதிரித் தெரிகிறது. தந்தமாக இருந்தால் நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு, எல்லை தாண்டி அனுப்பும் பேச்சே எடுக்காதே. ஜாடியில் விரிசல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு, மதிப்பீட்டாளர்கள் புற ஊதா விளக்கில் எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் இவை இருக்கின்றனவா என்று பார்: எதற்கான மதிப்பு, எந்தத் தேதியின் மதிப்பு, அவர் நேரில் பார்த்தாரா, ஒப்பிட்ட விற்பனைகள் எவை, பொருளின் நிலை என்ன, இந்தப் பொருளில் தனக்கு ஆதாயம் இல்லை என்ற உறுதிமொழி, கையெழுத்து. தீவிபத்தில் ஓவியத்தை இழந்த ஒரு குடும்பம் என்னிடம் கொண்டுவந்த அறிக்கையில் "எண்ணெய் ஓவியம், இயற்கைக் காட்சி, பழையது" என்று ஒரே வரி இருந்தது. அளவு இல்லை, படம் இல்லை, ஓவியர் பேர் இல்லை. அவர்கள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தும், அந்த வரியை வைத்து என்னால் எதுவும் எழுத முடியவில்லை. 1997இல் வந்த ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேசப் பட்டியல் இருக்கிறது. வகை, எதனால் செய்தது, அளவு, எழுத்துகள், அடையாளத் தழும்புகள், காலம், செய்தவர் என்று வரிசையாகக் கேட்கும். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் நீயே அதை நிரப்பிவை. சந்தையும் நிலையாக நிற்பதில்லை. பழைய கனமான மரச்சாமான்களின் விலை 2000க்குப் பிறகு எவ்வளவு இறங்கியது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அறிக்கையை இன்ஷூரன்ஸுக்காக வைத்திருக்கப் போகிறாய் என்றால் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உன் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். இந்த வாரம் ஓவியத்தின் பின்பக்கப் படங்களை மட்டும் அனுப்பு. அத்தையின் ரசீதுகள், கடிதங்கள் இருக்கும் கட்டை எதையும் தூக்கி எறியாமல் அப்படியே எடுத்துவை. பேர் இல்லாத பில்லாக இருந்தாலும் சரி. அந்த வியாபாரி மறுபடி வந்தால், மொத்தம் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள் என்று கேள். எழுதித் தந்தால் அதையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா