பார்சலில் வரும் துப்பாக்கி கடை வழியாக வரட்டும்: சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். போன காபி சீசனில் ஏற்காட்டு மலையில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தில் ஏர்கன் எனப்படும் காற்றழுத்தத் துப்பாக்கியின் குண்டு பாய்ந்த விஷயம் தங்களுக்குத் தெரியும். சுட்டவன் பதினாறு வயதுப் பையன் என்பதும், துப்பாக்கி செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கியது என்பதும் தெரியும். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. கோப்பில் ஏறாத சில விஷயங்கள் இருக்கின்றன, ஒரு கோரிக்கை இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விற்கும் ஏர்கன் வாங்கியவரின் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. உரிமம் பெற்ற உள்ளூர்த் துப்பாக்கிக் கடைக்கு வர வேண்டும். வாங்கியவர் நேரில் போய், அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும்.

நான் நாகலூர்ப் பக்கம் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருப்பவன். பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர் (bore) அளவுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது, அப்பா காலத்துது. காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான் அதன் உபயோகம். காட்டெருமைக்கு அதுவும் எடுபடாது. நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மேயும்.

இந்த வேட்டுக்குத் தோட்டா வாங்க வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் டவுனில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் முதலில் உரிமப் புத்தகத்தைக் கேட்பார். என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்தான், இருந்தாலும் கேட்பார். உரிமம் எந்தத் தேதி வரை, துப்பாக்கி எண் என்ன, எத்தனை தோட்டாவுக்கு அனுமதி, இதுவரை வாங்கியது எத்தனை என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலை வைத்துப் படிப்பார். அப்புறம் துணி அட்டை போட்ட பெரிய பதிவேட்டை விரித்து எழுதுவார். என் கையெழுத்து, தேதி. உரிமப் புத்தகத்திலும் குறித்து முத்திரை வைப்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் சக்திமான் தோட்டாப் பெட்டி மேசைக்கு மேலே வரும். பெயரும் ஊரும் தெரிந்த ஆளையே இப்படி நிற்க வைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்ததுண்டு. இப்போது வருவதில்லை.

ஏனென்றால் அந்தப் பையன் முதலில் போய் நின்றது இதே கடையில்தான். சிநேகிதர்களோடு போய் ஏர்கன் விலை கேட்டிருக்கிறான். "எங்க வெச்சு சுடப் போற தம்பி?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். பதில் இல்லை. "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, அவர் ஆதாரையும் எடுத்துக்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். பஸ் மலை ஏறி முடிப்பதற்குள் பையன் செல்போனில் ஆர்டர் போட்டுவிட்டான். "எனக்கு 18 வயது நிரம்பிவிட்டது" என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது, அதில் ஒரு டிக். சில நாளில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் கூரியர்காரர் பார்சலைக் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்சல் மேலே விளையாட்டுப் பொருள் என்றுதான் ஒட்டியிருந்தது.

பையனும் கெட்டவன் இல்லை. சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்திருந்த கொண்டைக்குருவியைக் குறி வைத்திருக்கிறான். குருவி தப்பித்தது. குண்டு வேலிக்கு அந்தப்பக்கம் என் தோட்டத்தில் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவரின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, எலும்போடு போய் ஒட்டிக்கொண்டது.

எக்ஸ்ரே படத்தை நானும் பார்த்தேன். வெள்ளையாக, மிளகு அளவில் ஒரு புள்ளி. அதைத் தோண்டி எடுப்பதைவிட அப்படியே விட்டுவைப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று எழுதியதும் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. சிறு காயம் என்றுதான் பேச்சு.

அந்தச் சிறு காயம் என்ன செய்கிறது என்பதைத் தாங்கள் ஒரு நாள் தோட்டத்துக்கு வந்து பார்க்க வேண்டும். காபிப் பழம் பறிக்கக் கூலி கிலோ கணக்கு. ஒரே கொத்தில் நல்ல சிவப்பும், அரைப் பழமும், பச்சைக் காயும் கலந்து இருக்கும். பழக்கப்பட்ட கை சிவப்பை மட்டும் உருவிக்கொண்டு அடுத்த கொத்துக்குப் போய்விடும். கண்ணும் விரலும் ஒன்றாக ஓடும் வேலை அது. இவருக்கு இப்போது இடக்கண்ணில் எல்லாம் மங்கல். கிளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பிடிபடாமல் கை ஒருமுறை காற்றில் போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது. பையில் பச்சைக் காய் விழுகிறது. சாயங்காலம் எடை போடுவதற்கு முன்னால் சாக்கை விரித்துக் கொட்டி, பச்சையைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் தராசுக்குக் கொண்டு வருகிறார். பேரன் வயசுப் பையன்களைவிடக் குறைவாக எடை நிற்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். முன்பு எங்கள் பக்கத்திலேயே அதிகம் பறித்தவர் அவர்தான்.

இதற்கு யார் பொறுப்பு? பையனின் அப்பா தன்னால் முடிந்ததைக் கொடுத்தார், அவரும் கூலிக்காரர். துப்பாக்கியை விற்ற இணையக் கடையைத் தொலைபேசியில் பிடித்தோம். "நாங்கள் இடம் மட்டும்தான் கொடுக்கிறோம், விற்றவர் வேறு" என்றார்கள். விற்றவர் வேறு மாநிலம், அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. விசாரணை என்று ஒன்று தொடங்கியபோது வந்தவர்கள் நேராக எங்கே போனார்கள் தெரியுமா? பையனைத் திருப்பி அனுப்பிய அந்த டவுன் கடைக்கு. பதிவேட்டை எடுக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பதிவேடு இருக்கிறவரிடம்தானே புரட்ட முடியும்! கடை மாநகரக் காவல் எல்லையில், அடிபட்டவர் மலையில், விற்றவர் எங்கேயோ. மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது, அதைத்தான் மேலே கேட்டிருக்கிறேன்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்குள், குண்டு குழலை விட்டுப் பாயும் சக்தி 20 ஜூலுக்குள் (ஜூல் என்பது சக்தியின் அளவு) இருந்தால் ஏர்கனுக்கு உரிமம் வேண்டாம். 20 ஜூல் என்று காகிதத்தில் படித்தால் சாதாரணமாகத்தான் தெரியும். அரை கிராம் ஈயக் குண்டுக்கு அந்தச் சக்தியைக் கொடுத்தால் அது நொடிக்கு ஏறக்குறைய 280 மீட்டர் போகும் என்று பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏற்காடு கோடை விழாவில் ஏரிக்கரையில் பலூன் சுடும் துப்பாக்கியை நினைத்துக்கொண்டு இதைப் பொம்மை என்று சொல்கிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

உரிமம் வேண்டாம் என்பது விதி. சரி, இருக்கட்டும். விளையாட்டாகக் குறி பார்த்துச் சுடப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உரிமம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆள் யார் என்று பார்க்கவே வேண்டாம் என்று எந்த விதி சொல்கிறது?

துப்பாக்கிக்குப் பேர் போன அமெரிக்காவிலேயே இது இப்படி இல்லை. அங்கே ஒருவர் இணையத்தில் வேறு மாநிலத்துக் கடையில் துப்பாக்கிக்குப் பணம் கட்டலாம். ஆனால் அது அவர் வீட்டுக்கு வராது. அவர் ஊரில் உரிமம் பெற்ற கடைக்கு வரும். அவர் அங்கே போய், அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்பி, கடைக்காரர் பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் கையில் வாங்க முடியும். அதற்குக் கடைக்காரர் ஒரு கட்டணமும் வாங்கிக்கொள்கிறார். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு இது. அங்கேயும் ஏர்கன் இதில் சேராது, தனி ஆட்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வதில் ஓட்டைகளும் உண்டு. அது அவர்கள் பாடு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான்: பணம் எந்த வழியாகப் போனாலும் பொருள் உள்ளூர்க் கடைக்காரர் கண் முன்னால்தான் கைமாற வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் 2021ல் பறவைகளைக் காப்பாற்ற வேண்டி ஏர்கன்களைத் தாங்களாக ஒப்படைக்கச் சொல்லி அரசே ஓர் இயக்கம் நடத்தியது, ஜனங்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவு தூரம்கூட நான் போகவில்லை. விற்கும்போது ஒரு கையெழுத்து வாங்கச் சொல்கிறேன்.

உள்ளூர்க் கடைகள் ஒழுங்கா என்று கேட்பார்கள். எல்லாம் ஒழுங்கு இல்லை. கேட்டது இருக்காது, இருப்பது பழைய சரக்காக இருக்கும். ஒரு ஸ்பிரிங் மாற்றக் கொடுத்தால் அடுத்த அமாவாசை என்பார்கள். விலையும் இணையத்தைவிடக் கூடத்தான். எங்கள் மலையிலேயே படித்த பிள்ளைகள் "கடைக்காரன் அடிக்கிற கொள்ளைக்கு நான் ஏன் அங்கே போகணும்" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு, பதினாறு வயதுப் பையனைத் திருப்பி அனுப்பும் ஆளுக்கான சம்பளம் என்று நான் நினைக்கிறேன். விலை குறைத்துத்தான் வேண்டும் என்றால் இணையத்திலேயே வாங்கட்டும். கடைக்குப் போய் எடுத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேர்தல் தேதி அறிவித்ததும் எங்களைப் போன்றவர்கள் உரிமத் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். 2024ல் மார்ச் நடுவில் இருந்து ஜூன் முதல் வாரம் வரை நடத்தை விதி. மலையில் பலாப்பழம் பழுத்து விழுகிற காலம் அது. பன்றிகள் கூட்டமாக வரும், அவற்றுக்கு எந்தத் தேர்தல் ஆணையமும் நடத்தை விதி போட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். பரவாயில்லை, நாட்டுக்காக. ஆனால் அதே வாரங்களில் சனிக்கிழமை தோறும் கார்களில் வந்து வாடகை பங்களாக்களில் தங்குகிறவர்கள் ஏர்கனைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்து, மரத்தில் இருக்கிற குருவி, மைனா எல்லாவற்றின் மேலும் சுட்டுப் பழகினார்கள். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம் அவர்கள் பைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். 2019ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்கக் கூடாது என்றார்கள். தாத்தா காலத்து மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். இணையத்தில் ஏர்கன் எத்தனை வேண்டுமானாலும் கூடையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வாங்கினால் குண்டு டப்பா இலவசம் என்றும் போட்டிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விதி மத்திய அரசுடையது, மாவட்ட நிர்வாகத்தின் கையில் இல்லை என்று தாங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதியைத் திருத்தச் சொல்லி இங்கிருந்து பரிந்துரை எழுதலாம். பாதிக்கப்பட்டவரின் விவரத்தோடு ஓர் ஆட்சியரின் கடிதம் போவதற்கும், என் மடல் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதுவரை மாவட்டத்தில் இயங்கும் கூரியர்காரர்களைக் கூப்பிட்டுப் பேசலாம். ஏர்கன் பார்சலை உரிமம் பெற்ற கடையில் சேர்க்கச் சொல்லலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 144, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 163ஆம் பிரிவின் கீழ் மலைப் பகுதிக்காவது தற்காலிகமாக ஓர் உத்தரவு போட முடியுமா என்று சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். டவுன் கடைக்காரரிடம் பேசிவிட்டேன். தனியாக ஒரு பதிவேடு போட்டு வைக்கத் தயார் என்கிறார். சின்னதாக ஒரு கட்டணம் கேட்பார் போலத் தெரிகிறது, அதைத் தாங்களே நிர்ணயித்துவிடுவது நல்லது.

திரும்பவும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன்: பார்சலில் வரும் ஏர்கன் கடைக்கு வரட்டும், வாங்கியவர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் இதையே மனுவாகவும் கொடுக்க இருக்கிறேன். அந்த அம்மாவும் என்னோடு வருகிறார், எக்ஸ்ரே படத்தையும் கொண்டு வருகிறோம். அவருக்கு அன்றைக்குக் கூலி போய்விடும் என்பதால், முடிந்தால் எங்களைக் காலையிலேயே அழைத்துவிட்டால் மதிய பஸ்ஸைப் பிடிக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏற்காட்டு மலைக் காபி விவசாயி ஒருவன்