தையல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. எம்பிராய்டரி பயிற்சி நல்லபடியாக முடிந்தது. கண்காட்சிக்கு இந்த ஆண்டும் இடம் அமையவில்லை.

அடுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் தையல் சாமான்களைத் திரட்டி உள்ளூரில் தேவைப்படுவோருக்குக் கொடுத்த வேலை. "இதெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சங்கத்தின் வேலைதான். நம் வீட்டு அலமாரிகளில் என்றைக்கோ தைக்கலாம் என்று வாங்கிய துணி மடிப்புக் கலையாமல் கிடக்கிறது, தையல் பழக வருகிறவர்களோ வெட்டிப் பார்க்க ஒரு துண்டுத் துணி இல்லாமல் காகிதத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பயிற்சி வகுப்பு நடத்துபவரிடமே என்ன வேண்டும் என்று கேட்டோம். அவர் பட்டும் லேஸும் கேட்கவில்லை. பழகுவதற்குச் சாதாரணப் பருத்தித் துணி, நூல், கூரான கத்தரிக்கோல், இஞ்ச் டேப், வீட்டு மெஷினுக்கான 14, 16 நம்பர் ஊசி, இவ்வளவுதான். லேஸ், மணி, ஜிகினா எல்லாம் பள்ளிக் கைவேலை வகுப்புக்குப் போயின, அங்கே அவற்றுக்கு நல்ல வரவேற்பு.

அப்புறம் தரம் பிரித்தல். பருத்தி நூல் நாளானால் வலுவிழக்கும், அதனால் ஒவ்வொரு கண்டையும் கையால் இழுத்துப் பார்த்து, பட்டென்று அறுந்ததை ஒதுக்கினோம். ஒரு எலாஸ்டிக் சுருளை இழுத்தபோது உள்ளே ரப்பர் நறநறவென்று நொறுங்கியது, விட்டால் சுருங்கவே இல்லை, தொய்ந்து தொங்கியது. மெஷினின் அடிநூலைச் சுற்றி வைக்கும் பாபின்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உயரத்திலும் அகலத்திலும் சிறிய வித்தியாசம் உண்டு, பொருந்தாததைப் போட்டால் நூல் சிக்கும், ஆகவே மெஷின் வாரியாகப் பிரித்துக் கட்டினோம். என்ன துணி என்று தெரியாதபோது ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்திப் பார்த்தோம்: பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டியான மணியாகத் திரளும். நீளம், அகலம், துணி வகை எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் குத்தினோம், வாங்குபவர் பிரித்து அளக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் நிறையப் பேர், வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வராதவர்களில் சிலர் மறுநாள் பையை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், உள்ளே துருப்பிடித்த குண்டூசியும் பல் உடைந்த ஜிப்பும் பூஞ்சை வாடை அடிக்கும் துண்டுகளும். மனம் கஷ்டமாகிவிட்டது. நாம் தொட யோசிக்கிற பொருளை இன்னொருவர் கையில் எப்படிக் கொடுப்பது? அதைக் குப்பைக்கு அனுப்புகிற வேலையும் வந்திருந்த அதே சிலர் தலையில்தான் விழுந்தது.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. மொத்தத்தில் வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போனது, கையிருப்பு சொற்பம். சாமான் கொண்டுபோன வண்டி வாடகையை நான் கையிலிருந்து போட்டேன், ஒரு பகுதி திரும்ப வந்தது. சந்தா கட்டாதவர்கள் பாதிக்கு மேல். பலமுறை நினைவூட்டியும் "அடுத்த கூட்டத்தில்" என்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

இடம் கொடுத்தவர்களுக்கும், தரம் பிரித்தவர்களுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, ஓடாமல் கிடக்கும் தையல் மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றிக் கொடுக்க நினைத்திருக்கிறோம். இதைத் தனியாளாகச் செய்ய முடியாது, ஆள் சேராவிட்டால் செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுப்பதுதான் முறை. மெஷின் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும், வண்டி வைத்திருப்பவர்களும் இன்று கலைவதற்குள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். சந்தா நோட்டும் அவர் மேசையில்தான் இருக்கிறது.