கழன்ற கிளிப்பைத் திரும்ப மாட்டுங்கள்

கார் மெக்கானிக் அண்ணன்களுக்கும் டயர் கடைத் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் என் மகள். முன்னால் போன காரின் அடியில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. என்னவென்று யோசிப்பதற்குள் கறுப்பாக ஒன்று கழன்று ரோட்டில் படுத்துவிட்டது. தாரும் கறுப்பு, அதுவும் கறுப்பு. முன்சக்கரம் அதன்மேல் ஏறி வழுக்கியது. இருவரும் விழுந்தோம். பின்னால் வந்த லாரிக்காரர் சட்டென்று பிரேக் போட்டார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். மகளுக்கு முழங்கை எலும்பில் விரிசல். கார் நிற்கவில்லை. ஓட்டியவருக்கு எதுவும் தெரிந்தே இருக்காது.

அதை ஓரமாக இழுத்துப் போட்டுப் புரட்டிப் பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் கவர். பின்பக்க ஓட்டைகளெல்லாம் கிழிந்திருந்தன. முன்பக்க ஓட்டைகள் நான்கும் கிழியாமல், வட்டமாக, முழுசாக இருந்தன. அவற்றில் கிளிப்பே மாட்டியிருக்கவில்லை.

பல கார்களில் ஆயில் மாற்ற அந்தக் கவரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது பழைய கிளிப் உடைவதும் சகஜம். "மிச்சம் பிடிச்சுக்கும்" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். நிற்கிற காரில் பிடித்துக்கொள்ளும்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முன் விளிம்புக்குள் புகுந்து கவரைக் கீழே வளைக்கும். விளிம்பு தரையைத் தொட்டுவிட்டால் மிச்சமுள்ள கிளிப்புகளைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். அதன் டயரைக் கிழித்தது, சற்று முன் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த உலோகப் பட்டை. நீளம் சுமார் 43 சென்டிமீட்டர்தான். பழுதுபார்த்தபோது அதை முறைப்படி பொருத்தவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது.

டயர் கடைத் தம்பிகளே, வீல் நட்டை ஏர் கன்னால் வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி செக் பண்ணச் சொல்லி அனுப்புங்கள். பல் உடைந்த வீல் கப்பைத் தட்டி உட்கார வைக்காதீர்கள். அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டாலும் வண்டி ஓடும்.

அடுத்த வண்டி காத்திருக்கிறது என்று உங்களை அவசரப்படுத்துகிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு டப்பாவில் புதுக் கிளிப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். காசைப் பில்லில் சேருங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வண்டியை வெளியே விடும் முன் ஒருமுறை குனிந்து, கவரின் முன் விளிம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். தொங்கினால் அனுப்பாதீர்கள். அந்தக் காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நாங்கள் வருகிறோம்.