அடியே வாத்து, சின்னவனுக்கு ஒரு போன் போடு

அன்புள்ள வாத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா சுகம், முழங்கால் மட்டும் பழைய மாதிரிதான். பின்னேரம் ஆனால் இடியும் மழையும். சரி, முறை முடிந்தது. ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ அனுப்பிய அந்தப் பூனைப் படத்தைப் பார்த்தேன், பார்த்துச் சிரித்தேன், பிறகு வெட்கமாகவும் இருந்தது. போனில் சொல்லலாம் என்றால் இந்த வரிசை வீட்டு லயத்தில் ஒரு சுவருக்கு ஆறு காது. அதனால்தான் மூன்றாம் தவணைக் கொப்பியில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்காவின் சின்னவன் போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, வெள்ளைக்காரர் சுற்றிப் பார்க்க வருகிற எல்லவில் வாயால் நெருப்பு ஊதப் போய் மண்ணெண்ணெயை நெஞ்சுக்குள் இழுத்துவிட்டான். பதறாதே. வீட்டுக்கு வந்துவிட்டான், இப்போது கட்டிலில் படுத்து போனை நோண்டிக்கொண்டு, ரொட்டிக்குச் சம்பல் உறைப்பில்லை என்று அக்காவை ஏவுகிற அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் அந்த ஒரு வாரம் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்தவன் தடிமன் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தான். அக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். நானும் நம்பிவிட்டேன். பத்து மணிபோல நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேனா, அவன் மூச்சில் குப்பி லாம்பை ஊதி அணைத்த மாதிரி ஒரு வாடை. நமக்குத் தெரியாத வாடையா அது? நாம் ஓ.எல். படித்ததே அந்த வாடையில்தானே. "என்னடா குடித்தாய்" என்று கேட்டேன், "ஒன்றும் இல்லை சின்னம்மா" என்றான், அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வலப்பக்க விலாவைக் கையால் அமுக்கிக்கொண்டு இருமினான். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா, உப்புத் தண்ணி கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாந்தி எடுக்க வைக்க! நான் போட்ட கத்தலில் மேல் லயத்து ஆட்கள் எல்லாம் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். கீழ் லயத்துப் பொடியன் சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்த அன்றைக்கும் இதே உப்புத் தண்ணிதான் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது நர்ஸ் பயிற்சியில் முதல் வருஷம், லீவில் வந்திருந்தாய். வயிற்றில் இருக்கிறவரைக்கும் மண்ணெண்ணெய் பெரிய எதிரி இல்லை, வாந்தியில் மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப் போகிறதுதான் ஆளைக் கவிழ்க்கும் என்று பீலிக்கரையில் நின்று ஒரு கூட்டத்துக்கே வகுப்பு எடுத்தாய். நாங்கள் எல்லாம் பின்னால் நின்று சிரித்தோம். அந்த வகுப்புத்தான் அன்றைக்கு எனக்குக் கை கொடுத்தது. வாத்துக்கு நன்றி.

திரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் பனி மூடின மலை மாதிரி வெள்ளையாக இருந்தது. டொக்டர் பெண் நல்ல மாதிரி, சிங்களமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னாள்: மண்ணெண்ணெய் தண்ணியைவிட லேசான சாமான், ஒரு சொட்டு உள்ளே போனாலும் எண்ணெய்ப் படலம் மாதிரிப் பரவிவிடும், கிருமி இல்லாமலே நுரையீரல் புண்ணாகி வீங்கும், இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, ஒக்சிசன் கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று. வெளிநாட்டில் இந்த வருத்தத்துக்கு 'நெருப்பு ஊதுகிறவன் நுரையீரல்' என்றே பேர் வைத்திருக்கிறார்களாம். அப்படியென்றால் எத்தனை பேர் ஊதிவிட்டு வந்து படுத்திருக்க வேண்டும், யோசித்துப் பார். அஞ்சு நாள் வாட்டில் இருந்தான். முதல் இரண்டு ராத்திரியும் மாஸ்க் போட்டபடி.

இதில் என் பங்கு என்ன என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் அக்கா கேட்டுவிட்டாள். வாட்டு வாசலில் வைத்து, மிஸ்ஸிமார் எல்லாம் பார்க்க, "நீதானே பழக்கினாய், டீச்சரம்மா" என்றாள். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தேத்தண்ணியைக் கூட அம்மா கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

நான் பழக்கினேனா? உண்மையில் அவன்தான் என்னைப் பழக்கினான். இந்தப் பந்து சுற்றுகிற ஆட்டத்துக்கு 'போய்' என்று பேர். உனக்கு நான் இதை ஒழுங்காகச் சொன்னதே இல்லை, போனில் சொன்னால் நீ "போயா? எங்கே போய்?" என்று தொடங்கிவிடுவாய், அம்மாவும் அதே பகிடிதான், "என் மகள் போய் சுத்துறாளாம், எங்கே போய் சுத்துறாளோ" என்று வருகிறவர்களிடம் எல்லாம். அது மவோரி ஆட்களின் சொல், நியூசிலாந்துப் பூர்வீகக் குடிகள். பந்து என்றுதான் அர்த்தம். கயிற்று நுனியில் பந்தைக் கட்டிப் பாட்டுக்குச் சுழற்றுகிற ஆட்டம், பெரும்பாலும் பெண்கள்தான் ஆடுவார்கள். முந்திக் காலத்தில் அங்கே விளைகிற நாரில் கயிறு திரித்து, சதுப்பில் முளைக்கிற சம்புப் புல்லைச் சுருட்டிப் பந்து செய்தார்களாம். மணிக்கட்டு வளைவதற்கு ஆம்பிளைகளும் ஆயுதப் பயிற்சியோடு சேர்த்து இதைப் பழகியிருக்கிறார்கள். அதில் நெருப்பே கிடையாது. நெருப்பை வைத்தது எல்லாம் பின்னால், பார்க்க வருகிறவர்களுக்காக. சமோவாக் கத்தி ஆட்டத்துக்கு நெருப்பு வந்த கதையும் அதுதான்: 1946இல் ஃப்ரெட்டி லெட்டுலி என்கிறவர் அமெரிக்காவில் ஒரு 'இந்து' நெருப்பு விழுங்கியைப் பார்த்துவிட்டுத் தன் கத்திக்கு நெருப்பு வைத்தார் என்று சொல்கிறார்கள். பார், அங்கேயும் நம்ம ஆள் ஒருத்தன் வாயில் நெருப்போடு நிற்கிறான்.

2022இல் பெட்ரோல் கியூக் காலத்தில் எல்லவில் ஒரு வெள்ளைக்காரனும் இல்லை, சின்னவன் வேலையில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். எங்களுக்கும் பாதி நாள் பள்ளிக்கூடம் இல்லை. விருந்தினர் ஒருத்தி பழக்கிவிட்டுப் போனதை அவன் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தான், காலில் போடுகிற நீள மேஸ் இரண்டு, நுனியில் ஏதோ கனம். அரிசி போடச் சொல்வார்களாம். அரிசி அன்றைக்கு விற்ற விலைக்கு அம்மா எங்களையும் சேர்த்து மேஸுக்குள் போட்டு முடிந்திருப்பாள். மணலைப் பையில் கட்டிப் போட்டோம். முதல் நாள் என் பின்மண்டையிலேயே மூன்று அடி, காதில் ஒன்று. நான் விடவில்லை. உனக்குத் தெரியும் நான் எதையும் முடித்தவள் இல்லை, தையல் வகுப்பு, கம்பியூட்டர் டிப்ளோமா, அந்தச் சிவப்பு ரிப்பன் விவகாரம், எல்லாம் பாதியில். இதை மட்டும் விடவில்லை.

மூன்று அடிப் பின்னல் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பந்தும் முன்பக்கமாகவே சுழலும், கை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போய், இடப்பக்கம் மூன்று அடி, வலப்பக்கம் மூன்று அடி. எண்ணினால் வராது. இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறதாக நினைத்துச் சுவரோடு ஒட்டிச் சுற்றச் சொன்னான் சின்னவன். எனக்கு ஒன்றரை மாசம் கயிறு முழங்கையில் சிக்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட ஞாபகத்தில் எங்கேயோ யோசித்துக்கொண்டு சுற்றுகிறேன், பார்த்தால் கை தானாகப் பின்னுகிறது. பார்த்த நிமிஷமே சிக்கிவிட்டது! ஆனால் வந்துவிட்டது என்று தெரிந்துவிட்டதே, அப்புறம் அது போகவே இல்லை.

நெருப்புக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் போனேன். நெருப்பைத் தாங்குகிற கெவ்லார் திரி இங்கே எங்கே கிடைக்கும், அந்த விருந்தினப் பெண் விட்டுப்போன ஒரே சோடிதான். கோயில் பந்தம் மாதிரி வேட்டித் துணி சுற்றலாமே என்றேன், துணி எரிந்து துண்டாகப் பறக்கும் என்று சின்னவனே தடுத்தான். அவ்வளவு கவனமான பிள்ளை அவன், அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. திரியை நனைத்து, தகரத்துக்குள்ளேயே பிழிந்து, தகரத்தை மூடித் தூரத்தில் வைத்துவிட்டு, மிச்ச எண்ணெய் போக ஒரு தடவை இருட்டில் விசிறிவிட்டுத்தான் பற்றவைப்பான். ஈரச் சாக்கோடு ஓராள் நிற்க வேண்டும். நைலோன் சேலை கிட்டவும் வரக்கூடாது, பருத்திதான், தலைமயிருக்கு ஈரத்துணி. மானாப்புல் காய்கிற மாசங்களில் சுற்றவே கூடாது, ஒரு பொறி போதும், மலையே போய்விடும். பெட்ரோல் எந்தக் காலத்திலும் கூடாது. எல்லாம் அவன் சொல்லித் தந்ததுதான். மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறினபோது "சமைக்கவே இல்லையாம், இதுகளுக்கு ஆட்டமாம்" என்று அம்மா திட்டினாளே, அந்த விலைக்குப் பயந்துதான் நெருப்பைத் தள்ளிப் போட்டோம்.

பற்றவைத்ததும் முதலில் கேட்கிறது சத்தம்தான் வாத்து. காதோரத்தில் ஹூம், ஹூம் என்று, பெரிய மாடு மூச்சு விடுகிற மாதிரி. அப்புறம் எதிரே ஒன்றும் தெரியாது. ஆட்கள், மடுவம், மலை எல்லாம் கறுத்துப் போகும். மூன்று நிமிஷம், மிஞ்சினால் நாலு. பனி இறங்கின ராத்திரியில் என்றால் நெருப்பைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் விழும். ஏழாம் வகுப்பில் கண்டிப் பெரஹரா பார்க்கப் போனோமே, சாட்டை அடிக்கிறவர்கள் போனதும் நெருப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டு ஒருத்தன் வந்தான், கொப்பரைப் பந்தம் பிடித்தவர்கள் பக்கத்தில், நீ பயந்து டீச்சரின் சேலைக்குள் போனாய். நான் அன்றைக்கே அந்த ஆளின் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா திருவிழாவில் பந்தச் சிலம்பம் சுற்றும்போதும் அப்படித்தான். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்று கம்பைத் தொடவிடவில்லை மனுஷன்.

இப்போது சின்னவன் விஷயம். சீசன் தொடங்கினதும் பழையபடி எல்லவுக்குப் போனான். சாப்பாட்டுக்கடை வாசலில் ராத்திரி பத்து நிமிஷம் சுற்றினால், அக்கா நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து வாங்குகிறதைத் தொப்பியில் வாங்கிவிடுவான். அதுவரைக்கும் பிழை இல்லை. ஆனால் பக்கத்துக் கடையில் ஒருத்தன் ஊதத் தொடங்கிவிட்டானாம், கூட்டம் எல்லாம் அங்கே போய்விட்டதாம், நீயும் ஊதினால் கூடத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். யாரிடமும் பழகவில்லை. போனில் வீடியோ பார்த்தானாம், இரண்டு நாள் தண்ணியை வைத்துத் துப்பிப் பார்த்தானாம், மூன்றாம் நாள் மண்ணெண்ணெய். ஊதுகிற நேரம் காற்று திரும்பி நெருப்பு முகத்துக்கு வர, பயத்தில் மூச்சை உள்ளே இழுத்திருக்கிறான். இந்த மலையில் காற்று யார் சொல்லைக் கேட்டு வீசுகிறது?

மூன்று வருஷமாகத் தகர மூடியை மூடு, சாக்கை நனை என்று என்னை மேய்த்தவன், தன் வாய்க்குள் அதே எண்ணெயை ஊற்றியிருக்கிறான். அதைக் கேட்டால் "அது வேலை சின்னம்மா, இது விளையாட்டு" என்கிறான்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இரண்டாம் ராத்திரி அவன் மாஸ்க் போட்டுத் தூங்குகிறான், நான் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன், என் மனசில் வந்த நினைப்பு, இனி என்னைச் சுற்ற விடமாட்டார்கள் என்பது. குனிந்து பார்த்தால் மடியில் கை இரண்டும் சும்மா பின்னல் போட்டுக்கொண்டிருக்கின்றன. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அக்கா கேட்டது சரிதானோ என்று அப்போதுதான் பட்டது. அவன் முதல் முதல் எல்லவில் சுற்றப் போன அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன், என்னால் ஊருக்கு முன்னால் செய்ய முடியாததை அவன் செய்கிறான் என்று. காசு எப்படி வருகிறது, கூட்டம் எதைக் கேட்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, டிசம்பருக்குத் திரும்பப் போகிறேன் என்கிறான். ஊதாமல் சுற்ற மட்டும் போனால் எடுக்க மாட்டார்களாம். இந்த முறை மண்ணெண்ணெய் இல்லையாம், வேறு ஏதோ 'பாதுகாப்பான' எண்ணெய் இருக்கிறதாம், வீடியோவில் பார்த்தானாம். வாய்க்குள் ஊற்றி ஊதுகிறதில் எது பாதுகாப்பு? நான் சொன்னால் பொறாமை என்கிறான், அக்கா சொன்னால் அழுகை என்கிறான். நீ சொன்னால் கேட்பான். நீ யூனிபோர்மோடு வந்து ஊசி காட்டினதிலிருந்து அவனுக்கு உன்னிடம் ஒரு பயம் உண்டு. ஞாயிறு ராத்திரி ஏழரைக்குப் பிறகு எடு, அந்த நேரம் அக்கா கோயிலில் இருப்பாள். புத்தி சொல்லாதே. உன் வாட்டில் நீ பார்த்ததைச் சொல், எத்தனை நாள் மாஸ்க், பிறகு படியேறும்போது மூச்சு எப்படி, அந்த மாதிரி. கொஞ்சம் கூட்டியே சொன்னாலும் பாவமில்லை.

அப்புறம் இன்னொன்று. என் திரியும் சங்கிலியும் அக்காவின் தகரப் பெட்டிக்குள், சாவி அவள் இடுப்பில். மேஸ் மட்டும் என்னிடம் இருக்கிறது, விடிகாலையில் மடுவத்தில் அதைத்தான் சுற்றுகிறேன், கொழுந்துப் பெண்கள் வரும் முன்னே. கயிறு முறுக்கிக்கொண்டு படுத்துகிறது. மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் தூண்டிலுக்குப் போடுகிற சுழல் வளையம் இருக்கும், ஓட்டையில் சுண்டுவிரல் நகம் போகிற அளவில், துருப்பிடிக்காததாகப் பார்த்து நாலு வாங்கி வை. தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா, கைப்பையில் அடியில் போட்டுக்கொண்டு வா. அக்காவிடம் மூச்சு விட்டாய் என்றால் தெரியும்.

உன்
ஒட்டடைக்குச்சி